சிறு பொறியும் சி மொழியும்

கருவியின்றித் தொழில் இல்லை. உழவனுக்கு ஏரும், தச்சனுக்கு உளியும், கொல்லனுக்குச் சுத்தியலும் எத்துணை இன்றியமையாதனவோ, கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர்க்கு நிரல்பெயர்ப்பி அத்துணை இன்றியமையாதது. ஆயினும், ஏரும் உளியும் தொன்றுதொட்டு எளியோர் கையிலும் இருந்து வந்தன. நிரல்பெயர்ப்பியோ நெடுங்காலம் பெரிய நிறுவனங்களின் வாயிலுக்குள்ளேயே தங்கியிருந்தது. அஃது எளியோர் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்த வரலாறும், அங்கு அதனைக் கொண்டு பணிசெய்தோர் பெற்ற பட்டறிவும் அறிந்து கொள்ளத்தக்கவை.

மொழியும் பெயர்ப்பியும்

கணிப்பொறிக்குத் தெரிந்த மொழி ஒன்றே. அது முழுதும் எண்களால் ஆகியது, பொறிமொழி எனப்படுவது. ‘இவ்விடத்தில் உள்ள எண்ணை எடு, அதனோடு இதனைக் கூட்டு, விடையை அவ்விடத்தில் வை’ என்றாற்போன்ற மிகச் சிறிய கட்டளைகளையே பொறி அறியும். அவற்றை எண்களாக நேரே எழுதுதல் அரிது. எழுதியதைப் படித்துப் பொருள் காண்டல் அதனினும் அரிது. ஆதலின், மனிதர் எளிதில் எழுதவும் படிக்கவும் தக்க மொழிகள் சில வகுக்கப்பட்டன. அம்மொழியில் அமைந்த நிரலைப் பொறிமொழிக்கு மாற்றித் தருவதும் ஒரு நிரலே. அதனை ஆங்கிலத்தில் கம்பைலர் என்பர். நிரல்பெயர்ப்பி என்பது அதன் தமிழ்ப் பெயர்.

இவ்வாறு வகுக்கப்பட்ட மொழிகளுள் சி என்பது தலைசிறந்த ஒன்று. அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருந்த பெல் ஆய்வகத்தில், 1970-களின் தொடக்கத்தில், டென்னிஸ் ரிட்சி என்பார் இதனை உருவாக்கினார். அவருடன் பணியாற்றிய கென் தாம்சன் என்பார் அதற்கு முன்பே பி என்னும் மொழியை அமைத்திருந்தார். அதன் வழிவந்த மொழி, நெடுங்கணக்கில் அடுத்த எழுத்தாகிய சி என்பதனைப் பெயராகப் பெற்றது. 1973-ஆம் ஆண்டில் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையின் உட்பகுதி சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. 1978-ஆம் ஆண்டில் பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் இணைந்து இம்மொழிக்கு ஒரு நூல் எழுதி வெளியிட்டனர். அந்நூலைப் படித்தோர் பலர். ஆனால், படித்ததைச் செய்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுள் சிலருக்கே இருந்தது. சி மொழி பிறந்து வளர்ந்த பி.டி.பி.-11 என்னும் பொறி, ஆய்வகங்களும் பல்கலைக்கழகங்களுமே வாங்கத்தக்கது. வீட்டில் இருப்போர்க்கு அது கிட்டவில்லை.

சிறு பொறியின் எல்லை

அக்காலத்தே வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1974-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் 8080 என்னும் சிறு செயலியை வெளியிட்டது. அதனை உறுப்பாகக் கொண்ட ஆல்டேர் 8800 என்னும் பொறி 1975-இல் விற்பனைக்கு வந்தது. ஆர்வலர்கள் அதன் உறுப்புகளை வாங்கித் தாமே பொருத்திக் கொண்டனர். கேரி கில்டால் என்பார் 1974-இல் எழுதிய சிபி/எம் என்னும் இயக்க முறைமை இத்தகைய சிறு பொறிகளில் பரவியது. இவ்வாறு கணிப்பொறி வீட்டு மேசைக்கு வந்தது.

ஆனால், அப்பொறியின் எல்லை மிகக் குறுகியது. 8080 செயலி ஒரே காலத்தில் அணுகத்தக்க நினைவகம் 65,536 பைட்டுகளே. ஆங்கில எழுத்து ஒன்றற்கு ஒரு பைட்டு வேண்டும். ஒரு பக்கத்திற்கு 2,000 எழுத்து எனக் கொண்டால், 33 பக்கம்கூட நிரம்பாத ஒரு சிற்றேட்டின் அளவே அந்நினைவகம். அதற்குள் இயக்க முறைமை ஒருபுறம் இடம் கொள்ளும்; பெயர்ப்பி ஒருபுறம் இடம் கொள்ளும்; எஞ்சிய இடத்திலேயே பெயர்க்கப்படும் நிரல் அடங்குதல் வேண்டும். பல பொறிகளில் அம்முழு அளவும் பொருத்தப்படவில்லை. 8 அங்குல நெகிழ்வட்டு ஒன்று, அந்நாளைய பொது அமைப்பின்படி, 77 தடங்களும் தடத்திற்கு 26 கூறுகளும் கூறுக்கு 128 பைட்டுகளும் கொண்டது. இவற்றைப் பெருக்கினால் 2,56,256 பைட்டுகள் கிடைக்கும். பெயர்ப்பி, உரை திருத்தி, எழுதிய நிரல், பெயர்த்த நிரல் ஆகிய அனைத்தும் இத்தகைய வட்டு ஒன்றிலோ இரண்டிலோ அடங்குதல் வேண்டும்.

இடக்குறை மட்டுமன்று, செயலியின் இயல்பும் சி மொழிக்கு முழுதும் ஒத்ததன்று. 8080 செயலிக்குப் பெருக்கல் தெரியாது, வகுத்தலும் தெரியாது. கூட்டலையும் கழித்தலையும் இடப்பெயர்ச்சியையும் கொண்டே அவற்றைச் செய்தல் வேண்டும். சி மொழியில் ஒரு செயற்கூறு தனக்குரிய மாறிகளை அடுக்கு என்னும் நினைவகப் பகுதியில் வைத்துக் கொள்ளும். அடுக்கின் நடுவில் உள்ள ஒரு மாறியை நேரே எடுக்கும் கட்டளை 8080-இல் இல்லை. முதலில் அதன் தொலைவை எடுத்து, அடுக்கின் முகவரியோடு கூட்டி, அதன்பின் எண்ணின் கீழ்ப்பாதியையும் மேற்பாதியையும் தனித்தனியே கொணர வேண்டும். ஒரு மாறியை எடுக்க ஐந்து கட்டளைகள் ஆயின. அதனையே பொது மாறியாக ஓரிடத்தில் நிலைநிறுத்தி வைத்தால் ஒரே கட்டளையில் எடுத்துவிடலாம்.

இரு பெயர்ப்பிகள்

இத்துணைக் குறுகிய இடத்திலும் சி மொழிக்குப் பெயர்ப்பி அமைத்துக் காட்டியோருள் இருவரை இங்கு அறிவோம்.

முதல்வர் லியோர் சோல்மன். அவர் ஆக்கிய பி.டி.எஸ். சி என்னும் பெயர்ப்பி 1979-இல் வெளிவந்தது. அதன் சிறப்பு விரைவு. வேறு பெயர்ப்பிகள் பெயர்ப்பின் ஒவ்வொரு படியிலும் இடைவிளைவை வட்டில் எழுதி, மீண்டும் அதனைப் படித்துப் பணிசெய்தன. நெகிழ்வட்டின் சுழற்சி மெதுவானது. ஆதலின் காலம் வீணாயிற்று. சோல்மனின் பெயர்ப்பியோ நிரல் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றி, அங்கேயே வைத்துப் பெயர்த்தது. முதற்பகுதி தன் பணியை முடித்ததும், விளைவை வட்டில் இறக்காமல் இரண்டாம் பகுதியிடம் நினைவகத்திலேயே ஒப்படைத்தது. குறுகிய நினைவகத்தைக் குறை என்று எண்ணாமல், அதனையே விரைவுக்கு வழியாக்கிக் கொண்ட திறம் போற்றத்தக்கது.

மற்றவர் ரான் கெய்ன். 1980-ஆம் ஆண்டு மே மாதம், டாக்டர் டாப்ஸ் ஜர்னல் என்னும் இதழில் ஸ்மால்-சி என்னும் பெயர்ப்பியின் மூலநிரல் முழுவதையும் அவர் அச்சிட்டு வழங்கினார். அதனை எவரும் எடுத்துக் கொள்ளலாம், திருத்தலாம், பிறர்க்கும் தரலாம். அது சி மொழியின் ஒரு சிறு பகுதியை மட்டுமே அறியும். முழுஎண், எழுத்து என்னும் இருவகை மாறிகளும், அவற்றின் சுட்டுகளும், ஒரு வரிசை அணிகளுமே அதில் உண்டு. பின்ன எண்கள் இல்லை. பலவகை மாறிகளை ஒன்றாகத் தொகுக்கும் கட்டமைப்பு இல்லை. திரும்பத் திரும்பச் செய்தற்கு ‘வைல்’ என்னும் ஒரே கட்டளை இருந்தது. ‘ஃபார்’ என்பது இல்லை. பின்னர் ஜேம்ஸ் ஹெண்ட்ரிக்ஸ் என்பார் அதனை விரிவாக்கி, விடுபட்ட கட்டளைகள் பலவற்றைச் சேர்த்து, 1982-ஆம் ஆண்டின் இறுதியில் அதே இதழில் வெளியிட்டார்.

நிரலரின் ஒரு மாலைப்பொழுது

இவற்றைக் கொண்டு ஒருவர் நிரல் எழுதிய முறையைச் சிறிது காண்போம். முதலில் உரை திருத்தியை இயக்கி நிரலைத் தட்டச்சிட வேண்டும். அதனை வட்டில் சேமித்து, திருத்தியை விட்டு வெளியே வருதல் வேண்டும். பிறகு பெயர்ப்பியை இயக்க வேண்டும். ஸ்மால்-சி நேரே பொறிமொழியைத் தருவதில்லை. பொறிமொழிக்கு ஒருபடி மேற்பட்ட அசெம்பிளி மொழியையே தரும். ஆதலின், அதனைப் பொறிமொழியாக்க அசெம்பிளர் என்னும் வேறொரு நிரலை இயக்க வேண்டும். அதன் விளைவை இயங்கும் வடிவில் அமைக்க மற்றொன்றை இயக்க வேண்டும். அதன் பின்னரே எழுதிய நிரல் இயங்கும். இயங்கியதும் பிழை ஒன்று தோன்றுமாயின், மீண்டும் திருத்தியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓர் எழுத்துப் பிழைக்கும் இத்தனை படிகளையும் ஏறி இறங்க வேண்டியிருந்தமையால், நிரலர்கள் ஒரு பழக்கத்தை மேற்கொண்டனர். பெயர்ப்பியை இயக்குமுன் நிரலைத் தாளில் எழுதியோ அச்சிட்டோ வரிவரியாகப் படித்தனர். மாறி ஒவ்வொன்றும் எம்மதிப்பைக் கொள்ளும் என்று கையால் கணக்கிட்டுப் பார்த்தனர். பத்து முறை முயன்று காண்பதினும் ஒருமுறை எண்ணிக் காண்பதே அங்குச் சிக்கனமாயிற்று.

வட்டை மாற்றுவதிலும் விழிப்பு வேண்டியிருந்தது. சிபி/எம் முறைமையில் ஒரு வட்டை எடுத்து வேறொன்றை இட்டால், அதனைப் பொறிக்கு அறிவித்தல் கடமை. அறிவிக்காமல் அப்புதிய வட்டில் எழுத முற்பட்டால், அது படித்தற்கு மட்டுமே உரியது என்று கூறிப் பொறி மறுத்துவிடும். அதன்பின் எவ்விசையை அழுத்தினும் நிரல் நின்று முறைமை மீண்டும் தொடங்கும்; நினைவகத்தில் இருந்த உரை மறைந்துவிடும். ஒரு மாலை முழுதும் தட்டச்சிட்ட உழைப்பு ஒரு நொடியில் அழிதல் கூடும். அடிக்கடி சேமித்தலும், படி ஒன்றை வேறு வட்டில் வைத்தலும் இத்தகைய இழப்புகள் கற்பித்த பாடங்களாம்.

பெயர்ப்பி அறியாத பிழைகள்

பெயர்ப்பி இலக்கணப் பிழையை அறியும்; எழுதியவர் உள்ளக் கருத்தை அறியாது. ‘வேலை கொடு’ என்பதும் ‘வேலைக் கொடு’ என்பதும் இலக்கணப்படி வழுவற்ற தொடர்களே. ஆனால், முன்னது பணியைக் கேட்கிறது. பின்னது படைக்கலத்தைக் கேட்கிறது. ஓர் ஒற்று பொருளையே மாற்றிவிடுகிறது. சி மொழியிலும் இதனை ஒப்பது ஒன்று உண்டு. சமக்குறி இரண்டு இட்டால் இருமதிப்புகளை ஒப்பிட்டுப் பார் என்பது பொருள். ஒன்று மட்டும் இட்டால், வலப்பக்க மதிப்பை இடப்பக்க மாறியில் வை என்பது பொருள். ‘மாறி ஐந்தாக இருப்பின் இதனைச் செய்’ என்று எழுதக் கருதியவர் ஒரு குறியை விட்டுவிட்டால், மாறி ஐந்தாகவே ஆக்கப்பட்டு, அச்செயல் எப்போதும் நடைபெறும். அந்நாளைய சிறு பெயர்ப்பிகள் இதனைக் கண்டு எச்சரிக்கவில்லை. வழுவற்ற தொடர் என்றே ஏற்றுப் பெயர்த்துவிட்டன.

எண்ணின் எல்லையும் இத்தகையதே. அச்சிறு பொறிகளில் முழுஎண் ஒன்று 16 இருமக் குறிகளால் ஆயது. அதன் பெருமதிப்பு 32,767. அதனோடு ஒன்றைக் கூட்டினால் விடை 32,768 ஆகாது. குறை 32,768 என்று ஆகிவிடும். பின்ன எண்கள் இல்லாமையால், டாலர்க் கணக்கை எழுதியோர் அதனைச் சென்ட்டுகளாக மாற்றிக் கணக்கிட்டனர். அவ்வாறு செய்யின், 327 டாலர் 67 சென்ட்டுக்கு மேற்பட்ட தொகை ஓர் எண்ணில் அடங்காது. இவ்வெல்லையை மறந்தவரின் கடைக்கணக்கு, இலாபத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் நட்டத்தைக் காட்டும். அறிந்தவரோ டாலருக்கு ஒரு மாறியும் சென்ட்டுக்கு ஒரு மாறியும் எனப் பிரித்து வைத்துப் பிழையைத் தவிர்ப்பார்.

இவையனைத்தினும் கொடியது சுட்டுப் பிழை. சுட்டு என்பது நினைவகத்தின் ஓர் இடத்தைக் காட்டும் மாறி. அது எவ்விடத்தைக் காட்டினும் பொறி அங்கே எழுதும்; ‘இது பிறர் இடம்’ என்று தடுக்கும் காவல் 8080-இல் இல்லை. சிபி/எம் முறைமையில் நினைவகத்தின் பூச்சிய முகவரியில், நிரல் முடிந்ததும் முறைமைக்குத் திரும்பும் வழியைக் காட்டும் கட்டளை இருந்தது. மதிப்பளிக்கப்படாத சுட்டு ஒன்று பூச்சியத்தைக் காட்டி நிற்க, நிரல் அங்கே எதனையேனும் எழுதிவிட்டால், திரும்பும் வழி அழிந்துவிடும். நிரல் தன் பணியைச் செவ்வனே முடித்தது போலத் தோன்றும். முடிந்தபின் வீடு திரும்ப வழியறியாத வழிப்போக்கனைப் போலப் பொறி திகைத்து நின்றுவிடும். பிழை நேர்ந்த இடம் ஒன்று. அது வெளிப்பட்ட இடம் வேறொன்று. காரணத்தைத் தேடுவோர், விளைவு தோன்றிய இடத்தில் நின்றுவிடாமல் பின்னோக்கிச் செல்லக் கற்றனர்.

சிக்கனம் கற்பித்த கலை

இடம் குறுகியது, பொறி மெதுவானது. ஆதலின், நிரலர்கள் விரலுக்கேற்ற வீக்கம் என்னும் பழமொழியைத் தம் தொழிலிலும் கடைப்பிடித்தனர். அடிக்கடி வேண்டப்படும் மாறிகளைப் பொது மாறிகளாக்கினர். பெருக்கல் வேண்டிய இடத்தில் படிப்படியாகக் கூட்டிச் சென்றனர். பெரிய நிரலைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒரு கூறு தன் பணியை முடித்து மற்றொன்றை வட்டிலிருந்து அழைக்குமாறு அமைத்தனர்.

எனினும், இச்சிக்கனத்திற்கும் அளவு உண்டு. எல்லா மாறிகளையும் பொதுவாக்கிவிட்டால், ஒரு செயற்கூறு மாற்றியதை மற்றொன்று அறியாது தவறாகக் கொள்ளும், பிழை பெருகும். விரைவுக்காகத் தெளிவை இழத்தல், வட்டிக்காக முதலை இழத்தல் போன்றதாம். ஆதலின், எவ்விடத்தில் காலம் மிகுதியாகச் செலவாகிறது என்பதை ஆராய்ந்து, அவ்விடத்தில் மட்டும் சிக்கனத்தைக் கையாளுதலே அறிவுடைமை என்பதைப் பட்டறிவு உணர்த்தியது.

தன்னைத் தானே பெயர்த்த பெயர்ப்பி

ஸ்மால்-சி பெயர்ப்பியின் தனிச்சிறப்பு யாதெனின், அது ஸ்மால்-சி மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது. அஃதாவது, அப்பெயர்ப்பி தன்னுடைய மூலநிரலையே உள்வாங்கித் தன்னையே மீண்டும் ஆக்கிக் கொள்ளும்.

இங்கு ஓர் ஐயம் எழும். பெயர்ப்பியின்றி மூலநிரல் இயங்காது. மூலநிரலின்றிப் பெயர்ப்பி தோன்றாது. விதை முந்தியதா, மரம் முந்தியதா? இதற்கு விடை எளிது. சி மொழி முன்னரே வழங்கும் பெரிய பொறி ஒன்றில் அம்மூலத்தை முதன்முறை பெயர்த்துக் கொண்டால், அவ்விளைவைச் சிறு பொறிக்குக் கொணர்ந்து நடலாம். நாற்றங்காலில் வளர்ந்த நாற்றை வயலில் நடுவது போன்றது இது. நட்டபின் நாற்றங்கால் வேண்டியதில்லை. வயலின் விளைவே அடுத்த பருவத்திற்கு விதையாகும்.

இதனால் விளைந்த பயன் பெரிது. ஒருவர் தம் பெயர்ப்பிக்குப் புதிய கட்டளை ஒன்று வேண்டும் எனக் கருதினால், மூலநிரலைத் திருத்தி, பழைய பெயர்ப்பியால் அதனைப் பெயர்த்துப் புதிய பெயர்ப்பியைப் பெறலாம். அப்புதியதனைக் கொண்டு அதே மூலத்தை மீண்டும் பெயர்க்கலாம். அவ்வாறு பெற்றதனால் இன்னும் ஒருமுறை பெயர்த்து, இறுதி இரண்டு விளைவுகளையும் ஒப்பிடலாம். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பின், திருத்தம் நிலைபெற்றது எனக் கொள்ளலாம். வேறுபடின், எங்கோ பிழை ஒளிந்துள்ளது என்பது தெளிவு. பொன்னுக்கு உரைகல் போலப் பெயர்ப்பிக்கு இது சோதனையாயிற்று.

சோல்மனின் பெயர்ப்பி விரைவில் சிறந்தது; ஆனால் அதன் மூலநிரல் நெடுங்காலம் வெளியிடப்படவில்லை; 2002-ஆம் ஆண்டில்தான் அவர் அதனைப் பொதுவுடைமையாக்கினார். கெய்னின் பெயர்ப்பி விரைவில் பின்தங்கியது; ஆனால் தொடக்கம் முதலே திறந்த ஏடாக இருந்தது. முன்னதனைக் கொண்டு நிரல் எழுதக் கற்றனர். பின்னதனைக் கொண்டு பெயர்ப்பி எழுதவே கற்றனர். நல்ல கருவி பணியை முடித்துத் தரும். உள்ளமைப்பையும் காட்டி நிற்கும் கருவியோ பணியாளரைக் கருவி செய்வோராகவும் உயர்த்தும்.

முடிவுரை

1987-ஆம் ஆண்டில் போர்லண்ட் நிறுவனம் டர்போ சி என்பதனை வெளியிட்டது. எழுதுதல், பெயர்த்தல், இயக்குதல் ஆகிய மூன்றும் அதில் ஒரே திரையில் அமைந்தன. அதற்குப் பின் வந்த பொறிகளின் நினைவகம் பழைய சிறு பொறியைப்போல் பல்லாயிரம் மடங்கு பெருகியது. பெயர்ப்பிகளும், குறி விடுபட்ட இடத்தைச் சுட்டிக்காட்டி எச்சரிக்குமளவு வளர்ந்துள்ளன. படிகள் பலவற்றை ஏறி இறங்கும் துன்பம் இன்று இல்லை. அத்துன்பம் மீண்டும் வரவேண்டும் என்று எவரும் விரும்பார்.

ஆயினும், எழுதுமுன் எண்ணுதல், எல்லையறிந்து செயற்படுதல், பிழையின் வேரைத் தேடுதல், கையாளும் கருவியின் உட்பொருளை அறிய முயலுதல் ஆகிய நற்பழக்கங்கள் அச்சிறு பொறிகளின் முன் அமர்ந்து உழைத்தோர் தேடிவைத்த செல்வங்கள். வசதி பெருகியதால் இவை வேண்டாதன ஆகிவிடவில்லை. பெருவெள்ளத்தில் நீந்துவோனுக்கும் கைகால்களின் பயிற்சியே துணையாவது போல, எத்துணைப் பெரிய பொறியைக் கையாள்வோர்க்கும் இப்பழக்கங்களே துணையாகும். கருவி சிறிதாயினும் கருத்து உயர்ந்ததாயின் அரிய செயல்களும் கைகூடும் என்பதற்கு, 65,536 பைட்டுகளுக்குள் தன்னைத் தானே பெயர்த்துக்கொண்ட அச்சிறு பெயர்ப்பியே சான்றாகும்.

பயிற்சி வினாக்கள்

1. நிரல்பெயர்ப்பி என்பது யாது? அதன் பயன் என்ன?
2. 8080 செயலி சி மொழிக்கு முழுதும் ஒத்ததன்று எனக் கூறுவது ஏன்?
3. ‘வேலை கொடு’, ‘வேலைக் கொடு’ என்னும் தொடர்களின் பொருள் வேறுபாட்டை விளக்குக. சி மொழியில் இதனை ஒத்த பிழை எது?
4. பி.டி.எஸ். சி, ஸ்மால்-சி ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
5. ஸ்மால்-சி பெயர்ப்பியில் செய்த திருத்தம் நிலைபெற்றதா என்பதை எவ்வாறு சோதித்து அறியலாம்?